தம்பி மோனோ-ஸ்கீ பந்தயத்துக்குப் போகலாமா? முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மாதுளம்பூ (ஸ்காபரோ):

வணக்கம். வழக்கமாக வாசித்துவிட்டுப் போகிறவள் நான். இதைக் கேட்க வேறு இடம் தெரியவில்லை.

என் தம்பிக்கு 26 வயது. நெடுஞ்சாலை விபத்தில் முதுகுத்தண்டு டி-10 மட்டத்தில் முற்றாக அடிபட்டுவிட்டது. தொப்புளுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. மறுவாழ்வு நிலையத்தில் இருந்தபோது ஒரு தன்னார்வக் குழு வந்து, உட்கார்ந்தபடி சறுக்கும் மோனோ-ஸ்கீயைக் காட்டியது. முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் போனான். இப்போது பனி விழத் தொடங்கினால் அவனை வீட்டில் பிடித்து வைக்க முடியாது.

இதுவரை எங்களுக்கும் சந்தோஷம்தான். போன மாதம் அங்குள்ள பயிற்றுநர், மாகாணப் பந்தயக் குழுவோடு சேர்ந்து பழகுகிறாயா என்று கேட்டிருக்கிறார். இவன் ஓம் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "பிள்ளையை ஒருக்கா ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிவரத்தான் எனக்குப் பலம் இருந்தது" என்கிறா. அப்பா ஒன்றும் கதைப்பதில்லை.

எனக்கும் பயம்தான். ஆனால் வேண்டாம் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. பொழுதுபோக்காகச் சறுக்குவது போதாதா, பந்தயம் எதற்கு? ஆபத்து உண்மையில் எவ்வளவு? 'உங்கள் தம்பி ஒரு ஹீரோ' மாதிரியான பதில்கள் வேண்டாம். அவை நிறையக் கேட்டாயிற்று.

பனங்கூடல் (மார்க்கம்):

தங்கச்சி, நான் அம்மா பக்கம். நல்ல கால் உள்ளவர்களே மலையில் முழங்காலை முறித்துக்கொண்டு வருகிறார்கள். தம்பிக்கு இனி எல்லாமே இரண்டு கைகள்தான். தோள்மூட்டு ஒன்று போனால் நாற்காலியை யார் உருட்டுவது, கட்டிலில் இருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது? சறுக்கட்டும், சந்தோஷமாக இருக்கட்டும். கடிகாரத்தோடு போட்டி எதற்கு?

மேற்குமலை (வெர்னன், பிரிட்டிஷ் கொலம்பியா):

நான் டி-12. மோனோ-ஸ்கீயில் மாகாண அளவில் பந்தயங்களுக்குப் போனவன். தேசியக் குழு வரை போகவில்லை. இப்போது புதிதாக வருகிறவர்களுக்குக் கேட் (தடத்தில் நட்ட கம்புகள், அவற்றைச் சுற்றித் திரும்பிப் போக வேண்டும்) பயிற்சியில் உதவுகிறேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவி, ஏனென்றால் அம்மாவின் பயத்தில் பாதி அதைப் பார்க்காததால் வருவது. மோனோ-ஸ்கீயில் உடம்பு ஒரு பக்கெட் இருக்கைக்குள் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். இருக்கைக்குக் கீழே ஒரு சட்டகமும் ஒரு ஷாக் அப்சார்பரும் இருக்கின்றன, அதற்குக் கீழே ஒரே ஒரு ஸ்கீ. முழங்கால் செய்கிற வேலையை ஷாக் செய்கிறது. கைகளில் அவுட்ரிகர்: முன்கை ஊன்றுகோலின் நுனியில் குட்டி ஸ்கீ பொருத்தியது. சமதளத்தில் அந்த நுனியை மடக்கித் தள்ளிக்கொண்டு போகலாம், சரிவில் அது சமநிலை தரும். மலை மேலே கொண்டுபோகும் நாற்காலி லிஃப்டில் ஏற வேண்டும் என்றால் ஒரு நெம்புகோலை விடுவித்து இருக்கையை உயர்த்திக்கொள்கிறோம், நாற்காலி அடியில் வந்து ஏந்திக்கொள்ளும். பழகியவர்கள் யார் துணையும் இல்லாமல் ஏறுவார்கள்.

நின்று சறுக்குபவருக்குக் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மூன்று இடங்களில் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. ஒரு கால் வழுக்கினால் மறு கால் தாங்கும். நமக்குப் பனியைப் பிடிக்கும் ஸ்கீ விளிம்பு ஒன்றே ஒன்று. அது பிடி விட்டால் உடனே கீழே. அதனால் எங்களுக்கு முதலில் கற்றுத்தருவதே விழுவதற்கு. கையை நீட்டி ஊன்றாதே, அவுட்ரிகரை உடம்போடு ஒட்டிக்கொள், பக்கெட்டின் பக்கவாட்டில் உருள். பனங்கூடல் அண்ணை சொன்ன தோள்மூட்டுப் பயம் மிகச் சரியானது. உட்கார்ந்து சறுக்குபவர்களின் காயங்களில் தோள் முக்கியமான ஒன்று. நீட்டிய கையோடு விழுவதுதான் அதற்குப் பெரிய காரணம்.

இனி 'பந்தயம் எதற்கு' என்ற கேள்வி.

அடிபட்ட பிறகு என்னை அளந்தவர்கள் எல்லோரும் நான் இழந்ததை வைத்தே அளந்தார்கள். மருத்துவர் எந்த விரல் அசையவில்லை என்று குறித்தார். காப்புறுதிக்காரர் எத்தனை வீதம் ஊனம் என்று எழுதினார். உறவினர்கள் நான் தேநீர்க் கோப்பையைத் தூக்கினாலே பாராட்டினார்கள். பொழுதுபோக்காகச் சறுக்கப் போனாலும் அதே கதை. மலையடிவாரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போவார், நான் அன்று படுமோசமாகச் சறுக்கியிருப்பேன்.

முதல் கேட் பந்தயத்தில் நான் கடைசியாக வந்தேன். பயிற்றுநர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "ஒவ்வொரு திருப்பத்தையும் தாமதமாகத் தொடங்குகிறாய், அடுத்த கேட்டைப் பார்க்காமல் இந்தக் கேட்டையே பார்க்கிறாய்" என்றார். விபத்துக்குப் பிறகு ஒருவர் என்னிடம் குறை கண்டுபிடித்து, அதைத் திருத்த முடியும் என்று நம்பிப் பேசியது அப்போதுதான். எனக்குப் பந்தயம் பிடித்துப்போன இடம் அதுதான். தம்பிக்கும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது, அவரிடம் கேளுங்கள். ஆனால் பொழுதுபோக்கின் கொஞ்சம் வேகமான வடிவம் என்று மட்டும் இதை நினைக்காதீர்கள்.

எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் சில்வர் ஸ்டார் மலையில்தான் 2004 மார்ச்சில் ஜாஷ் டூயெக் விழுந்தார். அவர் அப்போது ஃப்ரீஸ்டைல் பயிற்றுநர். மாணவர்களுக்குத் தாவிக் காட்டும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் விழுந்து, டி-11 முறிந்தது. 2009-இல் தென் கொரியாவில் நடந்த உலகப் போட்டியில் டவுன்ஹில் (முழு வேகத்தில் இறங்கும் பந்தயம்) தங்கம் வாங்கினார். 2010 பாராலிம்பிக்கில், விஸ்லரில் சொந்த மக்கள் முன்னால் ஸ்லாலம் (நெருக்கமான கேட்டுகளுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்குவது) வெள்ளி. 2012-இல் சிட்-ஸ்கீயில் (உட்கார்ந்து சறுக்கும் ஸ்கீ) பின்பல்டி அடித்த முதல் ஆள் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டார். 2014-இல் சோச்சியில் தங்கம் ஒன்று, வெள்ளி ஒன்று. வெளியே எல்லோருக்கும் பின்பல்டிதான் நினைவிருக்கிறது. பந்தயக்காரர்களுக்கு அவருடைய 2010 ஸ்லாலம் நினைவிருக்கிறது. குறுகிய கேட்டுகளுக்கு இடையில் அவ்வளவு அமைதியான தோளை நான் வேறு யாரிடமும் அதிகம் பார்த்ததில்லை.

பனங்கூடல் (மார்க்கம்):

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர். ஆனால் நீர் சொல்லும் ஆட்கள் எல்லாம் ஏற்கெனவே பனியில் வளர்ந்தவர்கள். நாங்கள் வெயிலில் வளர்ந்த சனம். அந்தப் பிள்ளை விபத்துக்கு முன்னால் ஸ்கீயைத் தொட்டே இருக்காது.

மேற்குமலை:

அண்ணை, ஓரளவு சரிதான். அமெரிக்காவின் கிறிஸ் வாடல் கல்லூரி அணியில் பந்தய வீரர், 1988 டிசம்பரில் சறுக்கும்போதுதான் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அடுத்த ஆண்டுக்குள் மோனோ-ஸ்கீயில் ஏறிவிட்டார். 1994 லில்லஹாமரில் நான்கு தங்கம். மஃபி டேவிஸும் இளையோர் பந்தயத்தில் இருந்தவர்.

ஆனால் அலாஸ்காவின் ஆண்ட்ரூ கர்காவைப் பாருங்கள். அவர் மல்யுத்தக்காரர். 13 வயதில் வாகன விபத்தில் முதுகு முறிந்த பிறகுதான் மோனோ-ஸ்கீக்கு வந்தார். ஜப்பானின் முராவோகா மோமோகாவுக்கு 4 வயதிலேயே கால்கள் செயலிழந்துவிட்டன, நின்று சறுக்கிய அனுபவம் அவருக்கு இல்லை. 2022 பெய்ஜிங்கில் மூன்று தங்கம் எடுத்தார். டோக்கியோ பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலியில் 100 மீட்டரும் ஓடினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நின்று சறுக்கிப் பழகியவர்கள் முதல் பருவத்தில் இல்லாத முழங்காலைத் தேடித் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். தம்பிக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. உங்கள் தம்பி விபத்துக்கு முன்னால் என்ன விளையாடினார், மாதுளம்பூ?

மாதுளம்பூ:

கைப்பந்து. வல்வெட்டித்துறையில் அப்பாவும் அதுதான். வெறி பிடித்த குடும்பம்.

மேற்குமலை:

அப்படியென்றால் தோளும் கண்ணும் தயாராகத்தான் இருக்கின்றன.

இயன்முறை கோதை (கோவை):

நான் பிசியோதெரபிஸ்ட், முதுகுத்தண்டுக் காயம்பட்டவர்களோடு நெடுங்காலமாக வேலை. பனிமலையில் நின்றதில்லை, ஆனால் டி-10 உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியும். ஆபத்து என்றால் எல்லோரும் விழுவதையே நினைக்கிறார்கள். எனக்குப் பயம் அதைவிட அமைதியாக வருகிற விஷயங்களில்.

தோல். உணர்வு இல்லாத இடத்தில் ஒரு மடிப்பு, ஒரு தையல் விளிம்பு, ஒரு மணி நேரம் அழுத்தினால் போதும். சிவப்பு தெரியும், அதைக் கவனிக்காவிட்டால் புண் ஆகும். அழுத்தப்புண் ஆற மாதக்கணக்கில் படுக்க வேண்டி வரும். பந்தயத்தில் பக்கெட்டை இன்னும் இறுக்கமாகக் கட்டுவார்கள், அதிர்வும் அதிகம். ஒவ்வொரு நாளும் சறுக்கி முடித்த உடனே கண்ணாடி வைத்து உட்காரும் எலும்பு, வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் மறுநாள் சறுக்கக் கூடாது. எத்தனை பெரிய பந்தயமாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

குளிர். கால்விரல் உறைந்தாலும் தம்பிக்குத் தெரியாது. அதற்காகச் சூடு தரும் பொட்டலங்களைப் பூட்ஸுக்குள் நேராக வைக்காதீர்கள். உணர்வற்ற தோலில் அது தீக்காயம் உண்டாக்கிவிடும், யாருக்கும் தெரியாமல். உலர்ந்த கம்பளிக் காலுறை, இறுக்கமில்லாத காலணி, இடையிடையே உள்ளே வந்து கையால் தொட்டுப் பார்ப்பது, இவைதான் வழி.

எலும்பு. காலில் எடை தாங்காததால் காயத்துக்குக் கீழே எலும்பு அடர்த்தி குறைந்துகொண்டே போகும். சின்ன முறுக்கலில்கூடத் தொடை எலும்போ கெண்டைக்கால் எலும்போ விரிசல் விடலாம், வலி தெரியாது. ஒரு கால் திடீரென்று வீங்கினால், சூடாக இருந்தால், தசை இழுப்பு வழக்கத்தைவிடக் கூடினால் எக்ஸ்-ரே எடுங்கள். போட்டிக்குள் போவதற்கு முன் ஒருமுறை எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுத்துவிடுவது நல்லது.

தண்ணீர். மலையில் கழிப்பறை தூரம் என்று பலர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று அங்கேதான் தொடங்குகிறது. கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போடும் நேரத்தை அட்டவணையில் எழுதி வையுங்கள், பயிற்றுநருக்கும் அது தெரிந்திருக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரு ஆறுதல். டி-6 மட்டத்திலோ அதற்கு மேலேயோ (எண் குறையக் குறையக் காயம் மேலே) அடிபட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று உச்சத்துக்கு ஏறும் அபாயம் இருக்கிறது. டி-10-க்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அந்த ஏற்றத்தை வேண்டுமென்றே உண்டாக்கிக்கொண்டு போட்டியில் இறங்கும் பழக்கம் சிலரிடம் இருந்ததால் பாராலிம்பிக் குழு அதைத் தடை செய்திருக்கிறது. மேலே அடிபட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் எதிலும் இறங்காதீர்கள்.

மாதுளம்பூ:

கோதை அக்கா, சூடு பொட்டலம் விஷயம் எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. வீட்டில் ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருக்கிறோம். மிக்க நன்றி.

ஆரேக்கரை (பேர்ன்):

சுவிஸில் இருந்து எழுதுகிறேன். வலே மாகாணத்தில் வெய்சோனாஸ், கிழக்கே செயின்ட் மோரிட்ஸ் என்று இங்கே பாரா ஆல்பைன் (மாற்றுத்திறனாளிகளின் மலைச்சரிவுப் பனிச்சறுக்கு) உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடக்கும். வேலைக்குப் போகும் இடத்தில் ஒரு நண்பர் கூட்டிப்போனார், பிறகு நானாகவே போகத் தொடங்கினேன்.

பார்த்தவரை சொல்கிறேன். ஒரே தடத்தில் மூன்று பிரிவினர் இறங்குகிறார்கள்: பார்வைக் குறையுள்ளவர்கள், நின்று சறுக்குபவர்கள், உட்கார்ந்து சறுக்குபவர்கள். பார்வை இல்லாதவருக்கு முன்னால் ஒரு வழிகாட்டி போகிறார், தலைக்கவசத்தில் உள்ள ரேடியோவில் 'இடம், வலம், செங்குத்து' என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே. இருவருக்கும் சேர்த்துத்தான் பதக்கம். உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் கடைசியாக வருகிறார்கள். அதற்குள் ஒவ்வொரு கேட்டுக்குப் பக்கத்திலும் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் ஒற்றை ஸ்கீ இறங்கி ஏறும்போது வருகிற சத்தம் தொலைக்காட்சியில் கேட்காது. டவுன்ஹில்லில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுகிறார்கள், தரையில் இருந்து அரை மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு.

இந்த விளையாட்டே காயத்தில் இருந்து பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் கால் இழந்து வந்த ஆஸ்திரிய, ஜெர்மன் சிப்பாய்கள் ஊன்றுகோலின் அடியில் குட்டி ஸ்கீயைக் கட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பினார்கள். செப் ஸ்விக்னாகல் என்ற ஆஸ்திரியர் இரண்டு காலும் போன பிறகு கிட்ஸ்பூஹலில் பனிச்சறுக்குக் கற்றுக்கொடுத்தார். 1940-களின் இறுதியிலேயே ஆஸ்திரியாவில் பந்தயம் நடந்தது. முதல் குளிர்காலப் பாராலிம்பிக் 1976-இல் சுவீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக்கில். ஆனால் அங்கே உட்கார்ந்து சறுக்குபவர்களுக்கு ஆல்பைன் பந்தயம் இல்லை. 1988 இன்ஸ்ப்ரூக்கில்தான் சிட்-ஸ்கீ பந்தயம் உள்ளே வந்தது.

சுழியம் (சிங்கப்பூர்):

எனக்கு ஒரு சந்தேகம். ஒருவருக்கு வயிற்றுத் தசை இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. ஒரே பிரிவில் போட்டு ஒரு காரணியால் நேரத்தைப் பெருக்குகிறார்கள் என்று படித்தேன். இது எப்படி நியாயம்? மலையில் இரண்டாவதாக வந்தவர் காகிதத்தில் முதலாவதாக வருவது பந்தயமா?

மேற்குமலை:

நல்ல கேள்வி, பந்தயக்காரர்களுக்குள்ளும் இது அடிக்கடி சண்டையாகும்.

உட்கார்ந்தவர்களுக்கு எல்டபிள்யூ-10 முதல் 12 வரை வகுப்புகள். வயிறு, முதுகுத் தசை அசையாதவர்கள் 10. ஓரளவு இருப்பவர்கள் 11. இடுப்பு வரை நல்ல கட்டுப்பாடு உள்ளவர்களும் இரு கால் இழந்தவர்களும் 12. எக்ஸ்-ரேயை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. உட்கார வைத்து, சாய்த்து, திருப்பி, உடம்பு எங்கே தன்னைத் தானே பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். நான் 11. தம்பி டி-10 என்றால் 10-இல் வரலாம், அதைப் பரிசோதகர்கள்தான் சொல்ல வேண்டும்.

கணக்கு இப்படி. கற்பனை எண்கள்தான்: 10-ஆம் வகுப்பில் ஒருவர் 80 விநாடியில் இறங்குகிறார், காரணி 0.80 என்றால் 64. 12-ஆம் வகுப்பில் ஒருவர் 70 விநாடி, காரணி 0.95 என்றால் 66.5. முதலாமவர் வென்றார். காரணி ஒவ்வொரு பந்தய வகைக்கும் வேறு. பல ஆண்டு முடிவுகளைப் பார்த்துத் திருத்திக்கொண்டே வருகிறார்கள். பெரிய போட்டிகளில் திரையில் ஓடும் கடிகாரமே அவரவர் காரணிக்கு ஏற்ற வேகத்தில் ஓடும். அதனால் பார்ப்பவருக்குக் குழப்பம் இல்லை, பச்சை வந்தால் முன்னிலை.

முன்பு ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனிப் பதக்கம் இருந்தது. சில வகுப்புகளில் போட்டியிட்டவர்களையே விரல்விட்டு எண்ணலாம். 2006 டூரினில் இருந்துதான் நின்று, உட்கார்ந்து, பார்வை என்று மூன்றாகச் சுருக்கினார்கள். பதக்கம் குறைந்தது, ஆனால் ஒவ்வொரு பதக்கத்துக்கும் உண்மையான கூட்டத்தை வெல்ல வேண்டியதாயிற்று. எனக்கு அது நல்ல மாற்றமாகவே படுகிறது.

முழு நியாயமா? இல்லை. ஒரே காரணி வழுவழுப்பான தடத்துக்கும் பள்ளம் விழுந்த தடத்துக்கும் பொருந்தாது. பள்ளம் அதிகமானால் வயிற்றுத் தசை இல்லாதவருக்குக் கூடுதல் நட்டம். சமமான, நீளமான சரிவு கடைசியில் வந்தால் கதை வேறு. ஆனாலும் இந்தக் கணக்கு இல்லையென்றால் 10-ஆம் வகுப்புக்காரர் என்றைக்குமே மேடை ஏற முடியாது. என்னை வென்றவர்களில் பாதிப் பேர் கடிகாரத்தில் எனக்குப் பின்னால் வந்தவர்கள். அவர்களுடைய இறக்கத்தைக் காணொளியில் பார்த்தால் தோற்றது சரிதான் என்று புரியும்.

சுழியம்:

சரி, புரிகிறது. கடைசி வரி எனக்குப் போதும்.

நெய்தல் மகள் (சென்னை):

எதற்கு இவ்வளவு தயக்கம்? மனம் இருந்தால் எதுவும் முடியும் என்று காட்டுவதற்கு இவரைப் போன்றவர்கள்தான் நமக்கு வேண்டும். அவரைப் பார்த்து ஆயிரம் பேர் எழுந்து நிற்பார்கள்!

மேற்குமலை:

அன்போடு சொல்கிறீர்கள், ஆனால் அந்தச் சுமையை அவர் தலையில் வைக்காதீர்கள். ஆயிரம் பேருக்காக யாரும் காலை ஐந்து மணிக்கு மைனஸ் இருபதில் ஸ்கீக்கு மெழுகு பூசுவதில்லை.

டயானா கோல்டன் என்ற அமெரிக்கப் பெண் 12 வயதில் புற்றுநோயில் ஒரு காலை இழந்தவர். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக வைத்த ஜயண்ட் ஸ்லாலத்தில் தங்கம் வென்றார். ஒற்றைக் காலுடன், அவுட்ரிகர் இல்லாமல், மற்ற எல்லோரையும் போல சாதாரணக் கம்புகளோடு. தைரியசாலி என்று பாராட்டியவர்களிடம் அவர் கேட்டதெல்லாம் தன்னை ஒரு பந்தய வீராங்கனையாகப் பாருங்கள் என்பதுதான். சும்மா கேட்டுவிட்டு நிற்கவும் இல்லை. மாற்றுத்திறனாளி வீரர்களுக்கு உடல் குறையற்றவர்களின் பந்தயங்களில், தடம் சிதைவதற்கு முன்பே இறங்க இடம் வேண்டும் என்று வாதாடினார். 1985-இல் அமெரிக்கப் பனிச்சறுக்குச் சங்கம் விதியை மாற்றியது. பாராட்டைவிடத் தொடக்க வரிசையில் நல்ல இடம் பெரியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இளந்திரையன் (ஸ்காபரோ):

நான்தான் அந்தத் தம்பி. அக்கா இந்த இழையை நேற்றிரவு காட்டினா. கோபம் இல்லை.

ஏன் பந்தயம் என்று கேட்டீர்கள். மேற்குமலை அண்ணா சொன்னதில் பாதி எனக்கும் பொருந்தும். மீதி எனக்குச் சொந்தமானது. கைப்பந்தில் நான் செட்டர், அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவன். அணியில் யார் எங்கே நிற்கிறார்கள், அடுத்த பந்து எங்கே போகும் என்று எப்போதும் மூளை ஓடிக்கொண்டே இருக்கும். விபத்துக்குப் பிறகு அது நின்றுபோனது. என் நாள் முழுக்க மருந்து, கதீட்டர், லிஃப்ட் வேலை செய்கிறதா, வாசலில் படி இருக்கிறதா, இவைதான். கேட் நட்ட தடத்தைக் காலையில் பக்கவாட்டில் மெல்ல இறங்கிப் பார்க்க விட்டார்கள். மூன்று கேட் தள்ளி ஒரு மேடு, அதற்குப் பின்னால் தடம் இடப்பக்கம் திரும்புகிறது, அதை மேட்டுக்கு மேலேயே நினைவில் வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு முழுக்க அந்த மூளை திரும்ப ஓடியது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால்தான் சும்மா 'போறன்' என்று மட்டும் சொன்னேன்.

பனங்கூடல் அண்ணை, நீங்கள் சொன்ன தோள் விஷயத்தை நான் யோசிக்காமல் இல்லை. தினமும் இரவில் யோசிக்கிறேன்.

பனங்கூடல்:

தம்பி, உம்மைக் கண்டது சந்தோஷம். நான் என் கருத்தை மாற்றவில்லை. ஆண்ட்ரூ கர்கா பற்றி இன்று தேடிப் படித்தேன். 2014 சோச்சியில் பந்தயத்துக்கு முன்னால் பயிற்சி இறக்கத்திலேயே திரும்ப முதுகெலும்பு முறிந்து போட்டியே இல்லாமல் திரும்பியிருக்கிறார். பிறகு 2018-இல் தங்கம் என்கிறார்கள், சரி. நடுவில் இருந்த நான்கு வருடம் அந்த வீட்டில் எப்படி இருந்திருக்கும்? உம் அம்மா அதைத்தான் நினைக்கிறா.

மேற்குமலை:

அண்ணை சொன்னது உண்மை, அதை மறைக்கக் கூடாது. சோச்சியில் வெயில் அடித்து பனி இளகிக் கிடந்தது, வேகப் பந்தயங்களில் பலர் விழுந்தார்கள். அமெரிக்காவின் டைலர் வாக்கரையும் டவுன்ஹில்லில் இருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள்.

அதனால்தான் எல்லாப் பந்தயத்தையும் ஒரே பெயரில் பேசக் கூடாது. டவுன்ஹில்லும் சூப்பர்-ஜியும் ஒரே இறக்கம், முழு வேகம். ஸ்லாலமும் ஜயண்ட் ஸ்லாலமும் இரண்டு இறக்கம், நேரத்தைக் கூட்டுவார்கள், திருப்பம் அதிகம், வேகம் குறைவு. விழுந்தாலும் பெரும்பாலும் சறுக்கி நிற்பீர்கள். புதியவர்களை எடுத்த எடுப்பில் வேகப் பந்தயத்துக்கு விடும் பயிற்றுநர் என்றால் அன்றே அங்கிருந்து வந்துவிடுங்கள். எனக்கு ஒரு இடத்தில் அப்படி நடந்தது. பந்தயத்துக்கு ஆள் எண்ணிக்கை குறைகிறது என்று நான் தயாராகாமலே என் பெயரைச் சூப்பர்-ஜிக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் தொடக்கக் கதவுக்குப் போகவில்லை. அதற்காக அந்தப் பருவம் முழுக்க ஒதுக்கி வைத்தார்கள், இன்றும் அதற்காக வருந்தவில்லை. 'இன்றைக்கு வேண்டாம்' என்று நீங்கள் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்காத இடமா என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இளந்திரையன்:

பயிற்றுநரிடம் இன்று பேசினேன். இந்தக் குளிர்காலம் ஸ்லாலமும் ஜயண்ட் ஸ்லாலமும் மட்டும். வேகப் பந்தயம் பற்றி அடுத்த வருடம் நானும் அவரும் கோதை அக்கா சொன்ன எலும்புப் பரிசோதனை முடிவும் சேர்ந்து முடிவு செய்வோம். அம்மா ஓம் என்று சொல்லவில்லை. பந்தயத்துக்கு வர மாட்டாவாம். ஆனால் பயிற்சி பார்க்க ஒருநாள் அப்பாவோடு வருகிறேன் என்றா. அப்பா உடனே எந்தச் சனிக்கிழமை என்று கேட்டார். இத்தனை நாளில் அவர் இது பற்றிக் கேட்ட முதல் கேள்வி.

இப்போது என் கேள்வி. இதுவரை குழுவின் பொது மோனோ-ஸ்கீயில்தான் சறுக்குகிறேன். பக்கெட் கொஞ்சம் அகலம், திருப்பத்தில் இடுப்பு உள்ளே நகர்கிறது. சொந்தமாக வாங்க ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். முதல் பருவத்தில் அது தேவையா?

மேற்குமலை:

ஸ்கீயும் சட்டகமும் இரவலாக இருக்கட்டும். பக்கெட்டை மட்டும் உங்கள் உடம்புக்குச் செய்துகொள்ளுங்கள். காலுக்குச் செருப்பு அளவெடுப்பதுபோல இது இடுப்புக்கு. உள்ளே ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் நீங்கள் சாய்வது ஸ்கீ விளிம்புக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும், அந்தத் தாமதத்தைக் கையால் ஈடுகட்டப் பார்ப்பீர்கள், தோள் அங்கேதான் தேயும். 10-ஆம் வகுப்பு என்று வந்தால் முதுகுப் பக்கம் உயரமாக வேண்டும், விலா வரை பட்டி. பல குழுக்களில் பழைய சட்டகத்தில் புதிய பக்கெட் பொருத்திக் கொடுப்பார்கள், கேளுங்கள். ஷாக்கை உங்கள் எடைக்கு ஏற்பச் சரிசெய்யச் சொல்லுங்கள், முன்பு ஓட்டியவர் உங்களைவிடக் கனமாக இருந்திருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் அது உங்களை எறியும்.

கோதை:

அச்சு எடுக்கும் அன்று, சறுக்கும்போது அணியும் அதே உள்ளாடையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு உட்காருங்கள் தம்பி. ஜீன்ஸ் வேண்டாம், பின்பை தையல் உறுத்தும். அழுத்தம் குறைக்கும் மெத்தையை அச்சுக்கு முன்பே உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள். பிறகு வைத்தால் உயரம் மாறி சமநிலையும் மாறும். முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் உட்கார்ந்து, இறங்கி, தோலைப் பார்த்துவிட்டு எனக்கு இங்கே எழுதுங்கள்.

இளந்திரையன்:

எழுதுகிறேன் அக்கா. அச்சு எடுப்பது அடுத்த வியாழன்.